ஓர் அறை, பதினோரு பிள்ளைகள்

வடக்குச் செமாராங்
வெள்ளிக்கிழமை

விதுரியின் தந்தையே, புசான் கப்பல் பட்டறையில் இரும்போடு போராடும் என் தோழரே, கேளுங்கள். பெற்ற மகளை மாற்றான் வீட்டுப் பெண்ணென்று எழுதிக் கொடுத்தால்தான் பள்ளிக் கதவு திறக்கும் என்றொரு கேடு இந்நகரில் வேரோடியிருக்கிறது. அக்கேட்டுக்கு நாமும் கையூட்டு அளித்தோம். செவ்வாய் இரவு முதல் நீங்கள் தொலைபேசியை எடுக்க மறுப்பதால், விடுப்பு முடிந்து திரும்பும் உங்கள் அறைத்தோழர் கையில் இம்மடலைக் கொடுத்தனுப்புகிறேன்.

பள்ளியருகே குடியிருப்போர்க்கே இடம் என்பது விதி. அதனால்தான் அப்புகழ்பெற்ற பள்ளியின் பின்தெருவில் வாழும் தர்சோனோவின் குடும்ப அட்டையில், அவருடைய அண்ணன் மகளென்று நம் விதுரியைச் சென்ற ஆண்டே ஏற்றிவைத்தார் உங்கள் தம்பி சுகெங். நீங்கள் அனுப்பிய ஊதியம் அதற்கு விலையாயிற்று.

செவ்வாயன்று பள்ளிக் குழுவினர் அவ்வீட்டைச் சோதிக்க வந்தனர். சுகெங் அழைத்ததால் நானும் மகளும் அங்கிருந்தோம். வீட்டில் ஓர் அறை. அட்டையில் பதினோரு பிள்ளைகள். "இத்தன பேரும் எங்கதான் தூங்குறாங்க?" என்று ஆசிரியை கேட்டார். "பாய விரிச்சு வரிசையா படுத்துக்குவாங்க டீச்சர்" என்றார் தர்சோனோ, கண் இமைக்காமல். எதிர்வீட்டுப் பெண் விடவில்லை. "ஒருத்தன் புரண்டா போதும், கடைசிப் புள்ள என் அடுப்புல வந்து விழும்" என்றாள். தெருவே சிரித்தது.

நம் மகள் சிரிக்கவில்லை. "நான் இங்க தூங்கினதே இல்ல டீச்சர். எங்க வீடு கடல் தண்ணி ஏறுற தெருவுல இருக்கு. எங்கப்பா பேரு ஹர்த்தோயோ" என்றாள்.

வரும் வழியெல்லாம் சுகெங் பொரிந்தார். "அண்ணன் வேர்வையச் சாக்கடையில கொட்டிட்டியேடி. இனிமே உங்கப்பா உன்கூடப் பேசுவாருன்னு நெனைக்காத" என்றார். "தம்பி, வாய மூடிக்கிட்டு வண்டிய ஓட்டுங்க" என்றேன்.

அந்தப் பள்ளி கைவிட்டுப் போயிற்று. கொடுத்த பணமும் திரும்பாது. ஆயினும் ஓராண்டாக நெஞ்சை அழுத்திய பாரம் இறங்கிவிட்டது. அவள் பெயர் நேற்று நம் அட்டைக்கே திரும்பியது. நம் பகுதித் தொழிற்பள்ளி, அவள் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து, மின்பணிப் பிரிவில் இடம் தந்திருக்கிறது. இனி அயலான் முகவரியை அவள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நேற்று இருவரும் வறுத்த சோயாத் தெம்பேயும் மிளகாய்ச் சம்பலும் வைத்து வயிறாரச் சோறு உண்டோம்.

ஆனால் சுகெங் சொன்னதை அவள் நம்பிவிட்டாள். கைப்பேசியை மடியிலேயே வைத்திருக்கிறாள். "அப்பாவுக்கு இன்னிக்கும் ஓவர்டைமாம்மா?" என்று கேட்கிறாள். ஆமென்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என்மீது சினமிருப்பின் எனக்குத் தனியே எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். இறைவன் உங்கள் கைகால்களுக்கு வலுத் தரட்டும். திங்களன்று அவள் புதுப்பள்ளிக்குப் போகிறாள். அதுவரை பொறுக்காதீர்கள். இம்மடலைப் படித்து முடித்த கையோடு அவளை அழையுங்கள். அழைத்து, மகளே என்று ஒரு சொல் சொல்லுங்கள்.

உங்கள் துணைவி,
ரூமியாத்தி