கடலோர வீடு உங்களுக்கு

என்னங்க,

சாதமும் குழம்பும் அடுப்பு மேல் இருக்கிறது. நம் வீட்டை விற்றுத்தரப் போகும் புரோக்கர் அதைப் பார்க்கக் காலையிலேயே வருவார். மாடிச் சாவி ஆணியில் தொங்குகிறது. ஒழுகும் குளியலறையை மறைக்காமல் காட்டுங்கள்.

ரிட்டயர் ஆனதும் வெளிநாட்டில் குடியேறினால் வாடகை குறைவு, ஆஸ்பத்திரி சுத்தம், கடல் காற்று என்கிறீர்கள். எல்லாம் உண்மைதான். கல் சுமந்து வளர்ந்தவளுக்குச் சுகம் கசக்கவா போகிறது? ஆனால் உங்களுக்கு நெஞ்சு வலித்தால், அங்கே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி எந்தப் பாஷையில் கத்துவேன்? நேற்று இதைக் கேட்டதற்கு, "பயமா இருந்தா நீ இங்கயே கெட, நான் மட்டும் போறேன்" என்றீர்கள். சரி. வேலை முடிந்து வரும்போது என் தங்கச்சி வீட்டுப் பக்கம் வாடகைக்கு ஓர் அறை பார்த்துவிட்டு வருகிறேன்.

பி.கு.: பிரஷர் மாத்திரையைத் தண்ணீர்ச் செம்பு பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அங்கே யார் எடுத்து வைப்பார்கள் என்று புரோக்கரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.