ஏகாம்பரத்தின் வண்டியை வாங்கிவிட்டோம்

என் ஒரே தம்பி சேகருக்கு,

நீ இதைப் படிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். செத்தவர்கள் எங்கிருந்தோ நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள்தான் நான், இன்னமும். ஆனாலும் இதை உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு யாரிடம் சொன்னாலும் ஆறுதல் சொல்லிவிடுவார்கள்.

வண்டி வாங்கிவிட்டோம்டா. ஏகாம்பரத்தின் அதே பழைய டீசல் பிக்கப்.

உன் பெண்டாட்டி மல்லிகாதான் ஆரம்பித்தாள். சேரப்பணஞ்சேரி நிலத்தை அவள் விடவில்லை. கிடங்கு கட்ட இடம் கேட்டு வந்தவர்களை உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டாள். மூன்றரை ஏக்கரிலும் வாழையும் கீரையும் நீ விட்டுப்போன மாதிரியே நிற்கின்றன. ஒரகடம் விடுதிகளுக்கும் கேன்டீன்களுக்கும் இலைக்கட்டு போகிறது. வாடகை ஆட்டோவில் திணித்து ஏற்றினால் பாதி இலை கிழிந்துவிடுகிறது. உன் பைக்கை அவள் தொடுவதில்லை. நேரே ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கி வந்து நின்றாள்.

"அண்ணி, ஒரு வண்டி பாக்கணும். நீங்க படிச்சவங்க, கூட வாங்க."

முதலில் நெடுஞ்சாலையோரம் பழைய வண்டிகள் விற்கிற ஓர் இடத்துக்குப் போனோம். கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. துளிப் புகை இல்லை. எனக்குத் திருப்தி. மல்லிகா என்னைத் தனியாக இழுத்தாள்.

"வேணாம் அண்ணி. அந்தாளு ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே பானட்ட தொட்டுப் பாத்தேன். சூடா கீது."

"அதனால என்ன?"

"நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிக்கீறாங்க. ஆறிப்போன டீசல் இன்ஜின்தான் உண்மையச் சொல்லும்னு உங்க தம்பி சொல்வாரு. நல்ல வண்டிகூட குளிர்ல எடுத்தா கொஞ்சம் வெள்ளப் புகை வுடும், அப்புறம் தானா அடங்கிடும். அடங்காததத்தான் சூடு பண்ணி மறைப்பாங்களாம்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். நானும் போய் அந்த பானட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

இரண்டு மார்கழிக்கு முன்னால், வல்லம் வடகாலில், ஏகாம்பரம் வீட்டுக் கொட்டகை. நீ பானட்டின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். ஏன் சிரிக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. அவர் சாவியைத் திருப்பினார். வெள்ளையாகப் புகை வந்தது.

"இன்ஜின் போச்சுடா. எரியாத டீசல் இது. கெமிஸ்ட்ரி வாத்தியாரம்மா சொல்றேன், வேணாம்."

"அக்கா, கொஞ்சம் நில்லுக்கா" என்றாய்.

புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நான் காரில் போய் உட்கார்ந்துவிட்டேன். நீயும் வாங்காமல் வந்து ஏறிக்கொண்டாய். சொன்னது தப்பும் இல்லை. எரியாத டீசல்தான் அது. ஏன் எரியவில்லை என்று கேட்க நிற்கவில்லை, அவ்வளவுதான். பத்து வருஷம் வண்டித் தொழிற்சாலையில் இன்ஜின் சோதிக்கிற லைனில் நின்றவன் நீ. நான் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள். உனக்கு ஏன் என்னோடு சண்டை போடத் தோன்றவில்லை?

எட்டு மாதம் கழித்துப் பம்புசெட் மோட்டார் கருகியது. படப்பைக்குக் கொண்டுபோய்ப் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்ட, அத்தனை கனமான மோட்டாரை பைக்கின் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாய். லாரி மோதவில்லை. யாருமே மோதவில்லை. வளைவில் பின்பாரம் இழுத்துவிட்டது. குறை சொல்ல எதிரில் ஓர் ஆள்கூட இல்லாத விபத்து என்று அன்றைக்கு நினைத்தேன்.

"எனக்கு ஒரு வண்டி தெரியும்" என்று மல்லிகாவிடம் சொன்னேன். ஏகாம்பரத்துக்கு போன் செய்து, நாங்கள் வரும்வரை கிளப்ப வேண்டாம் என்றேன். மறுநாள் காலை ஆறரை மணிக்குப் போய் நின்றோம். பனி விலகவில்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"அட, மூக்க மூடிக்கினு ஓடினீங்களே, அந்த அம்மாவா! இன்னாம்மா, இப்ப புகை ஒத்துக்குமா? உங்க தம்பி மறுநாளே வந்து நின்னாரு தெரியுமா? 'அண்ணே, வண்டி தங்கம். எங்க அக்கா மனசு மாறட்டும், அதுவரைக்கும் வித்துடாதீங்க'ன்னாரு. நானும் விக்கல. அப்புறம் ஆளையே காணோம். எங்க, அவரு வரலியா?"

மல்லிகா திரும்பி என்னைப் பார்த்தாள்.

அவளிடம் நீ என்ன சொல்லியிருந்தாய் என்று எனக்கு அப்போது தெரியாது. எங்கள் முகத்தைப் பார்த்து ஏகாம்பரமே புரிந்துகொண்டு துண்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டார். மல்லிகா போய் பானட்டின் மேல் கையை வைத்தாள். பனித்துளி அவள் விரலில் ஒட்டியது.

"சில்லுன்னு கீது. எடுங்கண்ணா."

வெள்ளையாகப் புகை வந்தது. நான் மூக்கை மூடவில்லை. கண் எரிந்தது, நின்றேன். வகுப்பில் வருகைப் பதிவு எடுத்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. புகை மெலிந்தது, அடங்கியது. இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம்தானா சேகர்? இதற்குத்தானா நில்லு என்றாய்?

பேசி முடித்துக் கையெழுத்துகளைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தோம். மல்லிகாதான் ஓட்டினாள். நீ விழுந்த அந்த வளைவு வந்ததும் ஓரமாக நிறுத்தினாள். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வண்டி தனக்குத்தான் புடிக்கலன்னு சொன்னாரு அண்ணி. உங்க பேச்சே எடுக்கல. உனக்கு இன்னாய்யா அவ்ளோ வீம்பு, அன்னிக்கே வாங்கியிருந்தா இன்னிக்கு உயிரோட இருந்திருப்பல்லன்னு, ஒரு வருஷத்துக்கு மேலா போட்டோ முன்னாடி நின்னு அவரத்தான் திட்டிக்கினு இருந்தேன்."

"என்னைத் திட்டு மல்லிகா."

"திட்டுவேன். இன்னிக்கு வேணாம். அறுத்து வச்ச இலை வாடிடும்."

கியரைப் போட்டாள்.

அவள் இன்னும் திட்டவில்லை. காத்துக்கொண்டிருக்கிறேன். மன்னித்துவிட்டாளா என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. நீ மன்னித்திருப்பாய். அதுதான் தாங்க முடியவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். என்னைக் காப்பாற்ற நீ சொன்ன பொய்யை இனி நம் வீட்டில் யாரும் உன்மேல் பழியாகப் போட விடமாட்டேன். இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி எழுதியிருப்பது அதற்குத்தான். கல்லூரி விடுமுறை நாட்களில் விடிவதற்குள் சேரப்பணஞ்சேரிக்குப் போய்விடுகிறேன். மல்லிகா சாவியைத் திருப்புகிறாள். நான் வண்டிக்குப் பின்னால் நிற்கிறேன். என் காலில் தெம்பு இருக்கிறவரை, புகை அடங்காமல் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன்டா.

நீ நில்லு என்றபோது நிற்காத,
உன் அக்கா