எத்தனை பாதைக்கு டிக்கெட், சார்?

சார்,

இன்று காலை பாசஞ்சர் வண்டி விக்கிரவாண்டியில் நின்றபோது, "மல்லாட்டை, மல்லாட்டை" என்று அவித்த வேர்க்கடலைக் கூடையோடு ஒரு அம்மா ஏறினார். அந்த வாசனை வந்ததும் கண் தானாக நீங்கள் உட்காரும் எதிர் சீட்டுக்குப் போனது. அங்கே யாரோ ஒருவர் செல்போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்று மூன்றில் நாம் பழகத் தொடங்கியது இதே வண்டியில்தான். நீங்கள் திண்டிவனத்தில் இயற்பியல் வாத்தியார். எனக்கு அங்கே பம்புசெட் சாமான் கடையில் வேலை. பத்தாம் வகுப்பைத் தாண்டவே இரண்டு தடவை ஓடிப் பார்த்தவன். போயும் போயும் என்னிடம் குவாண்டம் பேசினீர்களே!

மடியில் பேப்பரை விரித்து மல்லாட்டைத் தொலியை வரிசையாக வைப்பீர்கள். "இந்தக் கோடி விழுப்புரம், அந்தக் கோடி திண்டிவனம். நடுவுல இருக்கற தொலியை எங்க வேணா தள்ளுய்யா. தள்ளத் தள்ள ஒவ்வொன்னும் ஒரு பாதை. எலக்ட்ரானுக்கு அத்தனையும் சேத்துக் கூட்டணும்."

"அப்ப எத்தனை பாதைக்கு டிக்கெட் எடுக்கறதுங்க சார்?"

நீங்கள் சிரித்த சிரிப்பில் பாதித் தொலி பேரணி ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டது.

அந்த மயக்கத்தில்தான் என் பெண்ணை உங்கள் வகுப்பில் சேர்த்தேன். அவளும் ஆராய்ச்சி என்று சென்னைக்குப் போனாள். நீங்கள் கண்ணை மூடிய மறு வருஷம், ஆடி மாசம், பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று சொல்லவில்லை. சாப்பிடுகிறாள், துணி துவைக்கிறாள், வாயைத் திறப்பதில்லை. திரும்பிப் போவாளா மாட்டாளா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. அவளை இதில் இழுத்துவிட்டவரிடம் போய்ச் சண்டை போடலாம் என்றால் நீங்கள் இல்லை. அதற்காவது இருந்திருக்கலாம்.

நேற்று மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தேற்றுகிறேன் பேர்வழி என்று போய் நின்றேன். "கவலப்படாதம்மா. பாதைன்னா எல்லாம் வழவழன்னுதான் இருக்கும்னு உங்க சாரே சொல்லியிருக்காரு."

ஈரப் புடவையோடு திரும்பினாள். "சார் அப்படிச் சொல்லவே மாட்டாருப்பா! வழவழன்னு இருக்கற பாதை அந்தக் கூட்டல் கணக்குல இருந்தும் இல்லாத மாதிரிதான். எவ்ளோ கிட்டப் போய்ப் பாத்தாலும் முறிஞ்சி முறிஞ்சிதான் போய்க்கினு இருக்கும். இந்த எடத்துல இன்னா வேகம்னு கேக்கக்கூட முடியாது."

"அப்ப நான் போற ரயிலு மட்டும் எப்படிம்மா ஒழுங்கா போவுது?"

"பெரிய சாமானுக்கு, பக்கத்துப் பக்கத்துப் பாதைங்க ஒத்துப்போற எடம் மட்டும் நிக்கும். மத்தது ஒன்னையொன்னு அடிச்சிக்கினு அழிஞ்சிடும்." புடவையிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டியது. "ஆனா அந்தக் கூட்டலே சரியான்னு முழுசா நிரூபிக்க முடியலப்பா. அங்கதான் நான் மாட்டிக்கினேன்."

இத்தனை மாசத்தில் அவள் சொன்ன முதல் காரணம் அது. அப்புறம் புடவையை உதறிக் கொடியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

நான் சரியாகச் சொல்லியிருந்தால் "உம்" என்று மட்டும் சொல்லியிருப்பாள். அதனால் இன்றைக்கும் ஏதாவது தப்பாகச் சொல்ல வேண்டும் என்று வண்டி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். நீங்கள் சொன்னதில் பாதிதான் என் மண்டையில் ஏறியது, அதுவும் கோணலாக. அதைச் சுமந்துகொண்டுதான், சார், சாயங்காலம் அவள் முன்னால் போய் நிற்கப் போகிறேன்.