படத்தில் விழாத தலை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலியும் அப்பாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? உட்கார்ந்து எழுதப் பொறுமையில்லை. பட்டறை மேசையில் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

நீ கேட்ட போட்டோவை இதனுடன் வைத்திருக்கிறேன். தலையைக் காணோமே என்று பதறாதே. நாங்கள் பழுது பார்க்கிற பழைய இன்ஸ்டன்ட் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல் மேலே, லென்ஸ் கீழே. கிட்டத்தில் நின்று எடுத்தால் ஜன்னலில் தெரிகிற தலை படத்தில் விழாது.

படம் மங்கலாக இருப்பதற்கு நான்தான் காரணம். தூரம் சரியாகும்வரை ஜன்னலில் ஆள் இரண்டாகத் தெரிவான். லென்ஸ் வளையத்தைத் திருப்பித் திருப்பி ஒன்றாக்க வேண்டும். படம் எடுத்தவன் என்னோடு வேலை செய்பவன், மீசை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். "அசையாம நில்லுடா, இன்னும் ரெண்டு ஆளாத்தான் தெரியறே" என்று கத்திக்கொண்டே இருந்தான். நான் நின்றால்தானே. வெளுத்துப்போய் இருப்பதும் சாப்பிடாததால் இல்லை. படம் தெளியும்வரை அதன்மேல் ஒட்டியிருக்கும் தாளை, டைமர் அடிக்கும் முன்பே அவசரப்பட்டு உரித்துவிட்டேன்.

வேறு விசேஷம் இல்லை. போன வாரம் மேல்தட்டிலிருந்து ஒரு கேமரா விழுந்தது. கேமராவுக்கு ஒரு கீறல்கூட இல்லை, முதலாளிக்கு நிம்மதி.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் அப்பாவின் குரங்குக் குல்லாவைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

நர்ஸ் அக்காவிடம் ஒன்று கேட்டு எழுது. நெற்றியில் தையல் போட்டால் எப்போது தலைக்குக் குளிக்கலாம்?

முதலாளி கூப்பிடுகிறார். தையல் மீசைக்குத்தான்.

உன் மகன்