மூச்சைப் பார்க்க வந்தவர்கள்

அக்கா,

இன்று காலை ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தாள். நெடி பட்டதும் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றேன். அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

மாதம் ஒரு ஞாயிறு, சாந்தோமில் பூசை முடிந்ததும் நாம் நால்வரும் பரங்கிமலைக்குக் கிளம்பிவிடுவோம். அம்மா புளிச்சோறு கட்டுவாள். நாங்கள் படியில் ஏறுவோம். நீ மட்டும் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் பாறை பாறையாகத் தாண்டி, எங்களுக்கு முன்பே உச்சியில் நிற்பாய். கிண்டிக் காட்டையும் அதற்கப்பால் கடலையும் பார்த்தபடி, "இங்க வந்தாதான் எனக்குப் பசியே எடுக்குது" என்பாய்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் உனக்கு நிமோனியா வந்தது. ஒரு மாதத்தில் எழுந்துவிட்டாய். ஆனால் கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைக் காசம், சயரோகம் என்றே பேசிக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில்தான் வேப்பேரியிலிருந்து வரன் வந்தது. பெண் பார்க்க வீட்டுக்கு வரவில்லை. எல்லாருமாக மலைக்குப் போகலாமே என்றார்கள். நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய்! உன் நெஞ்சைச் சோதிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அம்மா சொல்லாதே என்றாள். உனக்குக் கல்யாணம் ஆனால்தான் எனக்கு ஆகும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். எழுதும்போது என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அன்று மாப்பிள்ளையின் அத்தை உன்னை ஒற்றையடிப் பாதையில் விடவில்லை. படியில் தன்னோடேயே ஏறச் சொன்னாள். படியோரம் இருக்கும் சிலுவைப் பாதைச் சுரூபங்கள் ஒவ்வொன்றின் முன்னும் நின்று, ஜெபம் சொல்லும் சாக்கில் மூக்குப்பொடி படிந்த விரல்களை உன் முதுகில் வைத்து, மூச்சு எப்படிப் போகிறதென்று பார்த்தாள். உதடு ஆண்டவரைக் கூப்பிட்டது. கண் உன் மார்பை விட்டு நகரவில்லை. நீ அதைப் பாசம் என்று நினைத்துச் சிரித்தாய்.

உச்சியில் கைக்குட்டையால் முகத்தைத் துடைக்கும்போது நீ இருமினாய். ஒரே ஒரு முறை.

"இன்னாம்மா, அந்தக் கைக்குட்டைய இப்படிக் குடு" என்று அத்தை வாங்கி, வெளிச்சத்தில் விரித்து, ரத்தம் இருக்கிறதா என்று மூலை மூலையாகத் திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் உனக்குப் புரிந்தது. அப்பா மலைக்கோயிலின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சாப்பாட்டு மூட்டையை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

நீ குரலை உயர்த்தவில்லை. "வேர்வைதான். நல்லாப் பாத்துக்கோங்க. அப்படியே உங்க புள்ளையோடதையும் வாங்கிப் பாருங்க" என்றாய். மாப்பிள்ளை கடைசிப் படியில் உட்கார்ந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

கைக்குட்டையைத் திரும்ப வாங்காமல் நீ பின்பக்கப் பாதையில் இறங்கினாய். நான் பின்னாலேயே ஓடிவந்தேன். பாதி வழியில் நின்று, "உனக்குத் தெரியுமா?" என்றாய். தெரியும் என்றேன். "அப்ப நீயும் என் மூச்ச எண்ணிக்கினுதான் வந்தியா?" என்று கேட்டாய். நான் தாவணியில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கொண்டுதான் வந்தேன், அக்கா.

ஒரு வாரத்தில் அவர்கள் ஆள் அனுப்பினார்கள்: நெஞ்சு நன்றாயிருக்கிறது, வாய்தான் நீளம், இருந்தாலும் சம்மதம் என்று. நீ மாட்டேன் என்று ஒரே வார்த்தையில் முடித்தாய். அதன் பிறகு நம் குடும்பம் சேர்ந்து மலை ஏறவேயில்லை. சனிக்கிழமைகளில் நீ தனியாகப் போய்வந்தாய். என்னைக் கூப்பிடவில்லை, வருகிறேன் என்று கேட்க எனக்கும் முகமில்லை.

போன வருஷம் டைபாய்டு உன்னைக் கொண்டுபோனது. கல்லறையில் மண் போட்டுக் கைகழுவும் முன்பே ஒருத்தி என் காதில், "நெஞ்சு வியாதிதானே?" என்றாள்.

இப்போது என்னைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். அக்கா எதனால் இறந்தாள் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. அம்மா அவசர அவசரமாக, "டைபாய்டுதாங்க, நெஞ்சுல ஒண்ணுமில்ல" என்றாள். நானும் தலையாட்டப் போனேன். செத்த பிறகும் உன் நெஞ்சைத்தான் சோதிக்கிறார்கள் என்று பட்டதும் பாதியில் நிறுத்திவிட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டேன். உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை நான் ஒருநாளும் கேட்கவில்லை. அது இன்னும் என்னிடமேதான் இருக்கிறது.