மாவுப் பாக்கெட்டில் ஓர் ஊசி ஓட்டை

அன்புள்ள அக்கா,

இன்று காலை உங்கள் மகளின் கடையில் வாங்கிய இட்லி மாவு, விளாங்குடி பஸ் நிறுத்தம் வருவதற்குள் என் சேலையில் சொட்டிவிட்டது. பாக்கெட்டின் மேல்மூலையில் ஊசி ஓட்டை. நீங்கள் ஆரம்பித்த வழக்கத்தை அவளும் விடவில்லை. பையில் தலைகீழாக வைத்தது என் தப்பு. புளிப்பு வாசனையோடு பள்ளிக்கூடம் போனேன்.

கல்லுப்பட்டிக் கல்யாண வீட்டிலிருந்து முதல் பெரிய ஆர்டர் வந்தபோது, மாவு போய்ச் சேருவதற்குள் அதிகமாகப் புளித்துவிடுமே என்று பயந்தீர்கள். உயிரியல் டீச்சர் பக்கத்து வீட்டில் இருக்க, வேறு யாரிடம் கேட்பீர்கள்? காற்றில்லாமல் எந்த உயிரும் பிழைக்காது, காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு இறுக்கி ஒட்டுங்கள் என்றேன். அப்படியே செய்தீர்கள். துணைக்கு நானும் பஸ் ஏறினேன்.

சித்திரை வெயில். திருமங்கலம் தாண்டியதும் பாக்கெட்டுகள் தலையணை மாதிரி உப்பின. முதல் பாக்கெட் கண்டக்டர் சட்டையில் வெடித்தது.

"யக்கா, உள்ள இருக்கது மாவா, வேட்டா?"

"மாவுதாண்ணே. டீச்சர் சொன்னபடிதான் கட்டிருக்கேன்" என்றீர்கள், பெருமையாக. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கல்யாண வீட்டில் அன்றைக்கு உப்புமா. மாப்பிள்ளை வீட்டார் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். வருஷா வருஷம் நானே நடத்திய பாடம். மாவைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாவுக்குக் காற்றே வேண்டாம். சர்க்கரையைப் பாதிவரை உடைத்து, அதில் கிடைக்கும் கொஞ்சம் சக்தியில் பிழைத்துக்கொள்ளும். மிச்சத்தை அமிலமாக மாற்றி வெளியே தள்ளினால்தான் அடுத்த சர்க்கரையை உடைக்க முடியும். சில வகைகள் வாயுவும் விடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் ஏட்டில் சுரைக்காய் சரியாகத்தான் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

உங்களிடம் மட்டும், வெயில்தான் காரணம் என்று சொல்லிவிட்டேன். தலையாட்டினீர்கள். மறுநாளிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஊசி குத்தினீர்கள், என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்தன்று மகள் சொன்னாள்: "டீச்சரு அன்னைக்கே புத்தகத்தப் பாத்திருச்சு, அதுவா சொல்றப்ப சொல்லட்டும், நாம கேக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லும்." அழுதேன் அக்கா. நடுவே சிரிப்பும் வந்தது.

இன்று அதே பாடம். சேலைக் கறையைக் காட்டி, பஸ் கதையைச் சொன்னேன். அப்படிக் கட்டச் சொன்ன ஆள் யார் என்று முன்வரிசைப் பெண் கேட்டாள். சொன்னேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியதை முதலில் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

வெயில் இல்லை அக்கா. நான்தான்.