ஓநாயின் நடை

கே.ஜி.கண்டிகை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பூபாலனுக்கு,

உன் நைனா இளங்கோவன் எழுதுவது. நலம் என்று முதல் வரியிலேயே பொய் எழுத மனம் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, அது கிடக்கிறது. போனில் என் நம்பரைப் பார்த்தால் நீ எடுப்பதில்லை. அம்மா போன இந்தப் பதினோரு மாதமாக நமக்கு நடுவில் பேச ஆளும் இல்லை. அதனால் உன் கனடா விலாசத்தை அனுராதாவிடம் வாங்கி எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறினாற்போல் இருக்கும், பொறுத்துக்கொள்.

போன வாரம் உன் சித்தப்பா மகள் அனுராதா தாலுகா ஆபீஸிலிருந்து நேராக வந்து, "பெரிப்பா, பூபாலன் வேலை செஞ்ச படம் திருத்தணியில ஓடிகினு இருக்குது, கெளம்புங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள். நான் தியேட்டருக்குப் போய் இருபது வருடம் இருக்கும். தமிழில் பேசவைத்த இங்கிலீஷ் படம். கற்காலத்துக் கதையாம், ஒரு வேட்டைக்காரனும் ஓநாயும். இடுப்பில் தோலைக் கட்டிக்கொண்டு பனியில் நிற்கிறவன் மெட்ராஸ்காரன் மாதிரி தமிழ் பேசியதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. ஓநாயின் நடையும் ஓட்டமும் கம்ப்யூட்டரில் நீ செய்தது என்று அனுராதா காதோடு சொன்னாள்.

அந்த ஓநாய் நாலடி ஓடியது. நின்றது. அவன் பின்னால் வருகிறானா என்று திரும்பிப் பார்த்தது. பின்பக்கத்தை ஒருக்களித்துக்கொண்டு மறுபடி ஓடியது. என் சிரிப்பு நின்றுவிட்டது. அது நம் ஜிம்மி. குட்டியில் டிராக்டர் சக்கரம் இடித்து இடுப்பு கோணிப்போன நம் ஜிம்மி. நீ பள்ளிக்கூடம் போகும்போது உன் முன்னால் அப்படித்தான் ஓடும்.

படத்தில் அந்த வேட்டைக்காரனுடைய கூட்டத்தின் தலைவன் ஓநாய் கூடாது என்று அதை ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டு வருகிறான். கதை உன்னுடையது இல்லை என்று அனுராதா சொன்னாள். இருந்தும் என்னை உட்காரவைத்துக் காட்டினாற்போல் இருந்தது.

நீ பிளஸ் டூ படித்த வருடம், புத்தகத்தை மூடிவிட்டு ஜிம்மியோடு கழனி கழனியாகச் சுற்றினாய். பக்கத்து வீட்டு ரத்தினம்மாளின் கோழி இரண்டை அது கடித்தது வேறு. ஆறு தாண்டி விட்ட நாய்க்கு வீட்டு வழி தெரியாது என்று நம் பக்கத்தில் நம்புவார்களே, அதை நானும் நம்பினேன். கோணியில் போட்டுக் கட்டி, கரும்பு ஏற்றிப்போன சேட்டுவின் டிராக்டரில் திருவாலங்காட்டுக்குக் கொண்டுபோய், ஆற்றுக்கு அக்கரையில் அவிழ்த்துவிட்டேன். உன்னிடம், "அதுவா எங்கியோ ஓடிப்போச்சுடா" என்றேன். பிறகு சேட்டு உளறி நீ தெரிந்துகொண்டாய். அன்றிலிருந்து பதினாறு வருடமாக நீ என்னை நைனா என்று கூப்பிட்டதில்லை.

இதுவரை உனக்குத் தெரியும். தெரியாததை எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

ஜிம்மி திரும்பி வந்தது. பத்தொன்பதாம் நாள் காலையில் மோட்டார் போடப் போனேன், பம்புசெட் வாசலில் கிடந்தது. எலும்பும் தோலுமாக, முன்கால் ஒன்று ஒடிந்து தொங்கியது. என்னைப் பார்த்து வாலை ஆட்டியது பூபாலா, கோணியில் கட்டிய என்னைப் பார்த்து. நீ சென்னையில் மாமா வீட்டில் நுழைவுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாய். அம்மா, "புள்ளைக்கு ஒரு போன் போடுங்க, வந்து பாத்துட்டுப் போவட்டும்" என்று அழுதாள். பரீட்சைக்கு மூன்று நாள்தான் இருக்கிறது, முடியட்டும் என்றேன். வெளியே தெரிந்துவிடும் என்று கால்நடை டாக்டரைக்கூடக் கூப்பிடவில்லை. ரோட்டில் பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் அது தலையைத் தூக்கிப் பார்த்தது. மறுநாள் சாயங்காலம் செத்துப்போனது. வேலியோரம் நானே புதைத்தேன்.

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரும் பாவம். அம்மாவை வரப்பில் நிறுத்தி, திருத்தணி மலையைப் பார்த்துக் கையை நீட்டச் சொல்லி, உன்னிடம் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கினேன். மலையைப் பார்த்துச் செய்த சத்தியத்தை அவள் மீறுவாளா? வாங்கியவனே மலைப்படி ஏறிப் போய், முருகன் முன்னால் அதை விட்டுக்கொடுத்தால்தான் அவள் வாய் திறக்கலாம். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "மலைக்கு ஒரு நடை போயிட்டு வந்துடுங்க, நான் அவன்கிட்ட சொல்லிட்டுப் போறேன்" என்று தினமும் கெஞ்சினாள். நாளைக்கு என்றேன். கடைசி மூன்று நாள் நீ வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். என்னவோ சொல்ல வாயெடுக்கிறாள் என்று என்னைக்கூட நிமிர்ந்து பார்த்தாய். ஒன்றும் தெரியாதவன் போல் நின்றேன்.

படத்தில் ஓநாய் ஆற்றைக் கடந்து நொண்டிக்கொண்டே வந்து வேட்டைக்காரன் மடியில் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து வெளியே போய், வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நின்று அழுதேன். நேற்று மலையேறிச் சத்தியத்தை விட்டுக்கொடுத்துவிட்டேன். அதைக் கேட்டுக்கொள்ள உன் அம்மா இல்லை.

அது உன்னை மறந்து எங்கோ பிழைத்துக்கொண்டது என்று நினைத்து மனதைத் தேற்றியிருப்பாய். அது உன்னைத் தேடித்தான் வந்தது. இது உனக்குத் தெரிய வேண்டும். மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை.

குளிர் தேசம், உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. தணிகை முருகன் உனக்குத் துணையிருக்கட்டும்.

ஒரே ஒரு தடவை போன் போட்டு, வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டிவிடு. நைனா என்று கூப்பிட வேண்டாம். நீ முடிக்கிறவரை வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
இளங்கோவன்